செங்கல்

பச்சை விளக்கு எரிகிறது.
ஏழு வினாடி.
யாரோ ஊதியதுபோல் அணைகிறது.
கறுப்புத் திரையில் என் மூக்கு மட்டும்.

"செங்கலாகிவிட்டது" என்கிறாள் கிங்கா.
மென்பொருள் செத்த கருவியை அப்படித்தான் சொல்வார்கள்.
வூச் நகரத்தில் அதை வசவென்று எடுத்துக்கொள்வது கஷ்டம்.
நூற்பாலைகள், அவற்றின் புகைபோக்கிகள்,
நாங்கள் ஹீட்டரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் இந்த டிராம் பணிமனை,
எல்லாம் சிவப்புச் செங்கல்.
எதையும் யாரும் இதுவரை ரீஸ்டார்ட் செய்ததில்லை.

பவூட்டிச் சந்தையில் தொண்ணூறு ஸ்வோட்டிக்கு வாங்கினாளாம்.
ஓரத்தில் ஏதோ குழந்தையின் பல்தடம்.
உள்ளே இருந்தது கம்பெனியின் ஃபர்ம்வேர் இல்லை;
முகம் தெரியாத எவனோ தன் வசதிக்குத் திருத்தியது.
நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.
புதியது வந்திருக்கிறதென்று
டிராமைக் கடைசி நிறுத்தத்தில் நிறுத்திவைத்து
இவள் ஏற்றினாள்.
பாதியில் பாட்டரி தீர்ந்தது.

நான் சக்கரம் கடைபவன்.
அறுநூறு வோல்ட் எனக்குப் பழக்கம்.
மூன்றரை வோல்ட்டுக்கு முன்னால்
என் விரல்களெல்லாம் கட்டைவிரல்கள்.

முதல் இரவு மெமரி கார்டில் போனது.
முப்பத்திரண்டு ஜிபி என்று மேலே அச்சிட்டிருந்தது.
எட்டைத் தாண்டியதும், போட்டதையெல்லாம்
வாங்கிக்கொண்டதாகச் சொல்லிவிட்டு
ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை.
இப்படி ஒரு சூப்பர்வைசரை எனக்குத் தெரியும்.
வேறு கார்டு. ஃபார்மட்.
கோப்புறையின் பெயரில் ஓர் எழுத்து
பெரியதாக இருக்கவேண்டிய இடத்தில் சிறியதாக இருந்ததற்கு
ஒன்றரை மணி நேரம்.

இரண்டாம் இரவு பாட்டரி.
அதன் வரிசை எண்ணை மறைத்துவிட்டால்
தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்திருக்கிறதென்று நம்பி
கருவி கதவைத் திறந்துவிடுமாம்.
பெயர் சொல்பவனை வாசலில் நிறுத்தி,
பெயரே இல்லாதவனுக்கு எழுந்து நிற்கிற வீடு.
சிப்பின் ஒற்றைக் காலை ஊசியால் நெம்பித் தூக்கினேன்.
கிங்கா டார்ச் பிடித்தாள். மூச்சு விடவில்லை.
விடாதே என்று நான் சொல்லவுமில்லை.

மூன்றாம் இரவு
திரையில் வெளிச்சம்.

எழுத்தெல்லாம் ஜப்பானியம்.
ஏதோ கேள்வி. கீழே ஒரு வட்டம், ஒரு பெருக்கல்குறி.
பெருக்கலை அழுத்தினோம்.
மெனு மறைந்தது, அதே மெனு வந்தது.
கேபிளை மாற்றினோம். கார்டைச் சட்டையில் தேய்த்தோம்.
கிங்கா நாற்காலியைக்கூட மாற்றி உட்கார்ந்து பார்த்தாள்.
பெருக்கல். பெருக்கல். பெருக்கல்.
பதினான்காவது முறைக்குப் பிறகு நான்
தூக்கி எறியக் கையை ஓங்கினேன்.
சீஸ் ரொட்டி தின்ற கட்டைவிரல் வழுக்கி
வட்டத்தின்மேல் விழுந்தது.

நீலக் கோடு ஒன்று
இடமிருந்து வலமாக நகரத் தொடங்கியது.

எங்கள் வாக்குச்சீட்டில்
கட்டத்துக்குள் பெருக்கல் போட்டால்தான் அது ஓட்டு.
இந்தக் கருவி பிறந்த நாட்டில்
பெருக்கல் என்றால் வேண்டாம்,
வட்டம்தான் சரி.
'நிறுவட்டுமா' என்று பதினான்கு முறை
பொறுமையாகக் கேட்டிருக்கிறது.
பதினான்கு முறையும் வேண்டாம் வேண்டாமென்று சொல்லிவிட்டு
அதன்மேலேயே கோபப்பட்டிருக்கிறோம்.

கிங்கா சிரிப்பாள் என்று பார்த்தேன்.
"நவம்பரில் என்னிடம் ஒன்று கேட்டாயே," என்றாள்,
"நான் தோளைக் குலுக்கினேன், ஞாபகம் இருக்கிறதா?"
"இருக்கிறது."
"அதை நீ என்னவென்று எடுத்துக்கொண்டாய்?"

நான்கு பத்துக்கு அவளுடைய முதல் டிராம்.
பதிலுக்கு நிற்கவில்லை.
கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டே
"பிளக்கை யாரும் தொடக் கூடாது" என்றாள்.
வெளியே பனியில் மணி ஒருமுறை.

அறுபத்திரண்டு சதவீதம்.
அறுபத்திரண்டு.
அறுபத்து மூன்று.

காவலாளி போகுமிவ்
தேநீருக்குக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.
இந்த அறையில் பிளக் பாயிண்ட்
ஒன்றுதான்.